எது தீட்டு? யார் தீட்டு?



1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளங்கள் கற்பிட்டிக் கரைக்கு வரத் தொடங்கியபோது எனக்கு வயது பத்து. மாரி மழை பிடித்திருந்த நாட்கள் அவை. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அம்மாதம் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். இவ்வாறு வீடும் வயலும் இழந்த 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் நமது புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள்.

என் தந்தையார் கடற்றொழிலாளி. எங்கள் வீட்டு முற்றத்து ஓலைப் பந்தலின் கீழ் அன்று மாலை நான்கு குடும்பங்கள் நனைந்தபடி வந்து உட்கார்ந்தன. அம்மா அவசரமாக அடுப்பை மூட்டி, வீட்டிலிருந்த பெரிய மண்பானையைத் தூக்கி வைத்தார். வந்தவர்களில் மூத்த பெண்மணி ஒருவர் மெதுவாக எழுந்து அடுப்படிக்கு வந்தார்.

“மகள், குறை நினைக்க வேணாம். இந்தப் பானையில முந்தி என்ன ஆக்கினீங்க?”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னார். “உம்மா, போன கிறிஸ்மசுக்கு இதிலதான் பன்றி ஆக்கினோம்.”

பொய் சொல்லியிருக்கலாம். பசியோடும் மழையோடும் வந்திருந்த பிள்ளைகள் உண்டிருப்பார்கள். ஆனால் அம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த முஸ்லிம் குடும்பத்தாரிடம் போய் ஒரு கிடாரமும் அகப்பையும் வாங்கி வந்தார். அரிசி, பருப்பு, தேங்காய், விறகு எல்லாவற்றையும் சமைக்காமல் அந்த உம்மாவின் கையிலேயே கொடுத்தார். அவர்கள் சமைத்தார்கள். அன்றிரவு எங்கள் வீட்டாரும் அந்தக் கிடாரத்துச் சோற்றையே உண்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் குருமடத்தில் லேவியர் நூலைப் படிக்கும்போது, 11ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் என்னை நிறுத்தியது. தீட்டான பிராணி செத்து மண்பாத்திரத்துக்குள் விழுந்தால் அப்பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும் என்கிறது அது. எங்கள் வீட்டுப் பானையும் அந்த உம்மாவின் கேள்வியும் உடனே நினைவுக்கு வந்தன. உண்ணத் தகுந்தது எது, தகாதது எது என்ற கேள்வி இக்கரையில் வாழும் நம் எல்லோருக்கும் உரிய கேள்வி. ஆகவே இவ்விதழில் விவிலியத்தின் உணவுச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திருச்சட்டம் சொல்வது என்ன?

லேவியர் நூல் 11ஆம் அதிகாரமும் இணைச்சட்டம் நூல் 14ஆம் அதிகாரமும் இச்சட்டத்தைத் தருகின்றன. தரையில் வாழும் விலங்குகளுக்கு இரண்டு அடையாளங்கள் வேண்டும். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அது அசைபோட வேண்டும். மாடு, செம்மறி, வெள்ளாடு, மான், மரை ஆகியவை இதில் அடங்கும். ஒட்டகம் அசைபோடும், ஆனால் அதன் குளம்பு சட்டம் கேட்கும்படி பிளந்ததாகக் கணிக்கப்படவில்லை. பன்றிக்கு விரிகுளம்பு உண்டு. ஆனால் அது அசைபோடாது. எனவே இரண்டும் விலக்கப்பட்டன. வன்னிக் காட்டில் நம்மவர்கள் விரும்பி உண்ணும் முயலும் விலக்கப்பட்டதே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பன்றியைத் தனியே பிரித்து வசைபாடும் சட்டம் அல்ல இது. ஒட்டகம், முயல், குழிமுயல், பன்றி என்று ஒரே வரிசையில்தான் அதையும் சொல்கிறது. பன்றியே எல்லாவற்றிலும் பெரிய தீட்டு என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்தது. அதன் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

நீர்வாழ் உயிர்களுக்கும் இரண்டு அடையாளங்கள்: செட்டையும் செதிலும். நம் கடற்கரையில் இச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மீன் கூடையைக் கொட்டிப் பாருங்கள். சூடை, சாளை, பாரை, விளை, மடவை, அறுக்குளா எல்லாம் ஒரு பக்கம் போகும். றால், நண்டு, கணவாய், திருக்கை, சுறா, மட்டி, கடலட்டை எல்லாம் மறுபக்கம் போகும். முந்தல், புத்தளம் வாவிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானத்தில் பெரும் பங்கு அந்த மறுபக்கத்திலேயே இருக்கிறது! பன்றியைத் தொடாத நம் முஸ்லிம் சகோதரர்கள் றாலை மகிழ்வோடு உண்பார்கள். பக்தியுள்ள யூதர் இரண்டையும் தொடமாட்டார். கத்தோலிக்கர் இரண்டையும் உண்பார்கள்.

பறவைகளுக்கு அடையாளம் எதுவும் சொல்லப்படவில்லை. விலக்கப்பட்டவற்றின் பட்டியல் மட்டுமே உண்டு. கழுகு, பருந்து, காகம், ஆந்தை என அவற்றில் பெரும்பாலானவை பிணம் தின்பவை அல்லது பிற உயிரைப் பிடித்துத் தின்பவை. நம் வீட்டுக் கோழி அந்தப் பட்டியலில் இல்லை. பூச்சிகளில் வெட்டுக்கிளி இனத்தில் நான்கு வகைகளுக்கு மட்டும் லேவியர் நூல் அனுமதி தருகிறது. திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் வெட்டுக்கிளி உண்டதை நினைத்துப் பாருங்கள். அவர் சட்டத்தை மீறவில்லை.

நம் கடலில் இன்னொரு உயிரும் உண்டு. தமிழில் நாம் அதைக் கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கிறோம். சிங்களத்தில் அதன் பெயருக்குப் பொருள் கடற்பன்றி! ஒரே பிராணி ஒரு மொழியில் பசு, மறு மொழியில் பன்றி. பெயரைக் கேட்டே ஒருவருக்கு அருவருப்பும் மற்றவருக்கு மரியாதையும் வந்துவிடும். லேவியரின்படி அது செதில் இல்லாத நீர்வாழ் உயிர், எனவே விலக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தின்படியோ அது பாதுகாக்கப்பட்ட உயிர். எந்த மதத்தவரானாலும் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடலாமைக்கும் இதுவே சட்டம்.

பானையும் கிணறும் விதையும்

உழவர்களாகிய உங்களுக்கு இந்த 11ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

செத்த பிராணி மரப்பாத்திரம், துணி, தோல், சாக்கு ஆகியவற்றின்மேல் விழுந்தால் அவற்றை நீரில் போட்டு மாலைவரை வைக்க வேண்டும். மண்பாத்திரமானால் உடைக்க வேண்டும். மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது எந்தக் குயவருக்கும் தெரியும். ஆனால் ஊற்றும், நீர் சேர்த்து வைக்கும் கிணறும் தீட்டாவதில்லை. வறண்ட நாட்டில் ஒரு கிணற்றைத் தீட்டென்று மூடிவிட்டால் ஊரே சாகும். சட்டத்தைத் தந்தவர் அதை அறிந்திருக்கிறார். (இது வழிபாட்டுத் தீட்டைப் பற்றியது. நம் கிணற்றில் நாயோ பூனையோ விழுந்து செத்தால் நீரை முழுதும் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பிறகே குடிக்க வேண்டும்.)

அடுத்தது விதை. விதைப்பதற்கு வைத்திருக்கும் உலர்ந்த விதையின்மேல் செத்த பிராணி விழுந்தாலும் விதை தீட்டாகாது. விதை நீரில் நனைந்திருந்தால் மட்டுமே தீட்டு. அடுத்த போகத்து நெல்லைக் காப்பாற்றத் தெரிந்த சட்டம் இது. முசலியிலும் முல்லைத்தீவிலும் வயலை விட்டு வந்தவர்களுக்கு விதைநெல்லை இழப்பது என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

உண்ணத் தகுந்த மாடோ ஆடோ ஆனாலும், தானாய்ச் செத்தால் அதைத் தொட்டவர் மாலைவரை தீட்டு. அதை உண்டவர் தம் உடையைத் துவைக்க வேண்டும். தானாய்ச் செத்ததை உண்ணலாகாது என்பதை இஸ்லாமும் உறுதியாகச் சொல்கிறது. இதில் நாம் எல்லோரும் பின்பற்றத்தக்க நல்லறிவும் உண்டு. நோயால் செத்த மாட்டை அறுத்துப் பங்கிடுவது ஆபத்தானது. கால்நடை வைத்தியருக்கு அறிவித்துவிட்டு ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே சரி.

ஏன் இந்தச் சட்டம்?

இதற்குக் காரணம் என்ன என்று நூலே விளக்கவில்லை. தூயவராய் இருங்கள், ஏனெனில் உங்கள் கடவுள் தூயவர் என்ற கருத்தோடு அதிகாரத்தை முடிக்கிறது. ஆயினும் அறிஞர்கள் பல விளக்கங்களைத் தந்துள்ளார்கள்.

முதலாவது, உடல்நலம். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ், விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்கு ஒவ்வாதவை என்றார். சரியாக வேகாத பன்றி இறைச்சியிலிருந்து மனிதருக்குப் புழுநோய் வருவதை 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் கண்டறிந்தபோது இவ்விளக்கத்துக்கு மதிப்புக் கூடியது. ஆனால் வேகாத மாட்டிறைச்சியிலும் நாடாப்புழு உண்டு. ஒட்டகத்தாலும் முயலாலும் தனிப்பட்ட கேடு எதுவும் இல்லை. ஆகவே இது முழு விளக்கமாகாது.

இரண்டாவது, ஒழுங்கு. மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட நூலில், தரை, நீர், வான் என்ற மூன்று பகுதிகளுக்கும் உரிய இலக்கணத்தில் பொருந்தி நிற்பவை தூயவை, பொருந்தாமல் இடையில் நிற்பவை தீட்டு என்று விளக்கினார். நீரில் வாழ்வது செட்டையால் நீந்த வேண்டும். நண்டைப் போல் காலால் நடக்கலாகாது. ஆயரின் மந்தையில் உள்ள ஆடும் மாடுமே தரைவிலங்குக்கு மாதிரி.

மூன்றாவது, மண்ணின் தன்மை. மார்வின் ஹாரிஸ் என்ற மானிடவியலாளர் 1970களில் கூறிய இக்காரணம் கற்பிட்டித் தீபகற்பத்தில் வாழ்பவர்களுக்கு எளிதில் விளங்கும். வெயில் எரிக்கும் வறண்ட நிலத்தில் ஆடும் மாடும் மனிதர் உண்ணாத புல்லையும் முட்செடியையும் தின்று பாலும் எருவும் தருகின்றன. மாடு ஏரும் இழுக்கிறது. பன்றி புல்லை மட்டும் தின்று வாழாது. மனிதர் உண்ணும் தானியத்தையும் கிழங்கையுமே அதுவும் கேட்கும். அதற்கு நிழலும் நீரும் வேண்டும். பால் கறக்கவோ ஏரில் பூட்டவோ முடியாது. எனவே நீர் குறைந்த நாட்டில் பன்றி வளர்ப்பது ஏழையின் வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பது போலாகும். இவ்விளக்கமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஆனாலும் ஒரு மக்களின் உணவு வழக்கத்துக்கும் அவர்கள் வாழ்ந்த நிலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

நாடிழந்தவர்கள் கையோடு கொண்டு போனது

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூத மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கோயில் இடிந்தது, நிலம் போனது, அரசும் போனது. எஞ்சியவை ஓய்வுநாளும் விருத்தசேதனமும் உணவுச் சட்டமுமே. இவற்றைச் சுமந்து செல்ல மாட்டுவண்டி தேவையில்லை. பாபிலோன் அரண்மனையில் தானியேலும் தோழர்கள் மூவரும் அரச உணவை மறுத்து, பத்து நாள் காய்கறியும் நீரும் மட்டும் தந்து சோதித்துப் பார்க்கும்படி கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அகதி முகாமில் பசியோடு இருந்தபோதும் இது எங்களுக்கு ஆகாது என்று சொன்ன தாய்மாரைப் பிடிவாதக்காரர் என்று சிலர் ஏசினார்கள். அவர்கள் தானியேலின் வரிசையில் நின்றார்கள் என்பதை ஏசியவர்கள் உணரவில்லை.

கி.மு. 167ஆம் ஆண்டளவில் அந்தியோக்கு மன்னன் யூதர்களை வலிந்து பன்றி இறைச்சி உண்ண வைக்க முயன்றான். தொண்ணூறு வயது எலயாசர் மறுத்தார். நண்பர்கள் இரக்கப்பட்டு, உமக்கு ஆகுமான இறைச்சியை நீரே கொண்டுவந்து பன்றியை உண்பதுபோல் நடித்துவிடும் என்றார்கள். இளைஞர் என்னைப் பார்த்து வழி தவறுவார்கள் என்று அதையும் மறுத்து அவர் உயிர் துறந்தார். மக்கபேயர் இரண்டாம் நூல் இதைச் சொல்கிறது. பன்றி யூத மக்களுக்குப் பெரும் அடையாளமானது இக்காலத்திலேதான். ஒருவருடைய மனச்சாட்சி மறுக்கும் உணவை அவர் வாயில் திணிப்பவன் எப்போதும் கொடுங்கோலனின் பக்கத்தில் நிற்கிறான்.

ஆனால் இதே சட்டத்தில் நம்மை வருந்தச் செய்யும் ஒரு வசனமும் இருக்கிறது. அதை மறைக்கலாகாது. தானாய்ச் செத்ததை நீ உண்ணாதே, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது இணைச்சட்டம் 14:21. இடம்பெயர்ந்து வந்த ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? தான் உண்ணாததை வந்தேறிக்குக் கொடு என்பதா இறைவனின் விருப்பம்? லேவியர் 17:15 இதை வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே உள்ளூரானுக்கும் அந்நியனுக்கும் ஒரே விதி. 19ஆம் அதிகாரம் இன்னும் மேலே போய், உன்னோடு தங்கும் அந்நியனை உன்னைப்போலவே நேசி என்று கட்டளையிடுகிறது. விவிலியத்துக்குள்ளேயே ஒரு மனம் வளர்வதை இங்கே காண்கிறோம். நிவாரணம் என்ற பெயரில் வண்டு மொய்த்த மாவையும் காலங்கடந்த தகரப் பேணிகளையும் பெற்றவர்கள் நம் வாசகர்களிடையே உண்டு. கொடுத்தவர்கள் 14ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டார்கள்.

யோப்பாவில் தோல் பதனிடுபவர் வீடு

இயேசு உணவைப் பற்றிப் பேசியதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வெளியிலிருந்து உள்ளே போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது. உள்ளத்திலிருந்து வரும் களவு, கொலை, பேராசை, வஞ்சகம் முதலியவையே தீட்டுப்படுத்தும் என்றார் அவர்.

ஆயினும் சீடர்கள் இதை உடனே புரிந்துகொள்ளவில்லை. பேதுரு யோப்பாவில் கடலோரம், தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் தங்கியிருந்தார். செத்த விலங்கின் தோலைக் கையாளும் தொழில், தீட்டுப்பட்ட தொழிலாக எண்ணப்பட்டது. அந்த வீட்டு மாடியில் நண்பகல் பசியோடு செபித்துக்கொண்டிருந்தபோது, எல்லா வகை விலங்குகளும் நிறைந்த பெரிய விரிப்பு ஒன்று வானிலிருந்து இறங்குவதைக் காட்சியில் கண்டார். கொன்று உண்ணும்படி குரல் கேட்டது, அவர் மறுத்தார். மூன்று முறை இவ்வாறு நடந்தது. அதன் பொருள் என்ன என்று அவர் குழம்பிக்கொண்டிருக்கையிலேயே, உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

பேதுரு செசரியாவுக்குச் சென்று, வேற்றினத்தார் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபின் என்ன சொன்னார்? இனி எதையும் உண்ணலாம் என்று அவர் பேசத் தொடங்கவில்லை. எந்த மனிதரையும் தீட்டானவர் என்று சொல்லலாகாது எனக் கடவுள் எனக்குக் காட்டினார் என்பதே அவர் சொன்னதன் கருத்து (திருத்தூதர் பணிகள் 10:28). காட்சியில் வந்தவை விலங்குகள். அவர் கற்றுக்கொண்ட பாடம் மனிதரைப் பற்றியது. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள்.

நம் நாட்டில் தீட்டு என்ற சொல் மனிதர்மேல் ஏற்றப்பட்ட சொல். சாதியின் பெயரால் கிணற்றடியில் ஏற்றினோம். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தோம். 1990க்குப் பின் இக்கரையில் ‘அகதி’ என்ற சொல்லையும் அவ்வாறே பயன்படுத்தியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் அகதிப் பிள்ளை குடித்த குவளையைக் கழுவிவிட்டுக் குடித்த சிறுவரில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொள்ளாமல் இதை எழுத முடியாது.

எருசலேம் சங்கமும் பிளாரன்ஸ் சங்கமும்

வேற்றினக் கிறிஸ்தவர் மோசேயின் சட்டம் முழுவதையும் கடைப்பிடிக்கத் தேவையில்லை என்று எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் முடிவு செய்தார்கள். ஆயினும் சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டது ஆகியவற்றை விலக்கும்படி கேட்டார்கள். இந்த மூன்றையும் இஸ்லாமும் விலக்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையார் இன்றும் பன்றி உண்பதில்லை. ஏழாம் நாள் திருச்சபையாரும் அவ்வாறே.

கத்தோலிக்கராகிய நாம் ஏன் அந்த மூன்று விதிகளையும் கடைப்பிடிப்பதில்லை? 1442இல் பிளாரன்ஸ் பொதுச்சங்கம் விளக்கம் தந்தது. யூதரும் வேற்றினத்தாரும் ஒரே சபையில் சேர்ந்து வாழவும், அவர்களிடையே பிணக்கு எழாதிருக்கவுமே அவ்விதி ஏற்பட்டது. யூதர் இல்லாத இடங்களில் காரணம் நீங்கியது, எனவே விதியும் நீங்கியது என்பது அதன் சாரம். இந்த விளக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விதிக்கு உயிர், பக்கத்தில் வாழும் மனிதர். அவ்வாறானால் மாறுபட்ட உணவு வழக்கமுள்ளவர்கள் ஒரே ஒழுங்கையில், ஒரே கிணற்றில், ஒரே சங்கத்தில் வாழும் இடத்தில் அந்தப் பழைய காரணம் மீண்டும் நம் கதவைத் தட்டுகிறது. சட்டமாக அல்ல; அன்பின் கடமையாக. எந்த உணவும் தன்னிலே தீட்டில்லை என்று உறுதியாக நம்பிய பவுல் அடிகள், என் உணவு என் சகோதரரைப் புண்படுத்துமானால் நான் இறைச்சியையே தொடமாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார்.

நம் கரையில்

புத்தளம் மாவட்டத்தில் உடப்பு போன்ற இந்துக் கிராமங்கள் உண்டு. அங்கே மாட்டிறைச்சி விலக்கு, விழாக்காலத்தில் மச்சமாமிசமே விலக்கு. முஸ்லிம் கிராமங்கள் உண்டு. பன்றியும் இரத்தமும் முறைப்படி அறுக்கப்படாததும் விலக்கு. கத்தோலிக்கக் கிராமங்கள் உண்டு; தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கு. இத்தனையும் நாம் பல தலைமுறைகளாக அறிந்தவையே.

ஆனால் இவ்வேறுபாட்டை ஆயுதமாக்கிய காலங்களையும் கண்டோம். 2013இல் கடைப்பொருட்களில் இருந்த ஹலால் முத்திரைக்கு எதிராக நாடெங்கும் பிரசாரம் எழுந்தது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவ்வாண்டு மார்ச்சில், உள்ளூர்ச் சந்தையில் அம்முத்திரையை விட்டுக்கொடுக்க உடன்பட்டது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். மே மாதத்தில் வன்முறைக் கும்பல்கள் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் குற்றமற்ற தச்சர் ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின் ஒருவர் கடையில் மற்றவர் வாங்காமலும், ஒருவர் வீட்டுத் தேநீரை மற்றவர் தொடாமலும் பல மாதங்கள் கழிந்தன. உணவு விதியால் வந்த விலகல் அல்ல அது. மனிதரையே தீட்டென்று எண்ணியதால் வந்தது.

2009க்குப் பின் வடக்குக்குத் திரும்பியவர்கள் உண்டு. இங்கேயே வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும் செய்து வேரூன்றியவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உதவக்கூடிய சில நடைமுறைகளை இங்கே தருகிறேன்.

1. விருந்தினருக்குச் சமைக்கும் முன் கேளுங்கள். கேட்பது அவமதிப்பல்ல. கேட்கப்பட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் உலர் உணவாகக் கொடுங்கள்.

2. கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் பொது நிகழ்ச்சிகளுக்கென்று தனியாக ஒரு தொகுதி பாத்திரம் வாங்கி வைக்கலாம். அதில் மரக்கறி உணவு மட்டும் சமைப்பது என்று எல்லோரும் தீர்மானித்தால் எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

3. பன்றி வளர்ப்பவர்கள் பட்டியில் அடைத்தே வளர்க்க வேண்டும். நம் மணல் நிலத்தில் கழிவு விரைவாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். அயலவர் கிணற்றுக்கும் தொழுகைக்குச் செல்லும் வழிக்கும் தூரமாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காட்டும் இடத்தில் பட்டியை அமையுங்கள்.

4. செத்த விலங்கையும் அறுவைக் கழிவையும் வாவியிலோ கடற்கரையிலோ வீசாதீர்கள்.

5. நாம் உண்ணாததை, நம் பிள்ளைக்குக் கொடுக்காததை, தானமென்று பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

6. பிறருடைய உணவைப் பற்றிப் பிள்ளைகள் கேலி பேசினால் அன்றே திருத்துங்கள்.

பேதுருவே இதில் ஒருமுறை தவறினார். அந்தியோக்கியாவில் வேற்றினத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த அவர், சிலர் வந்து பார்த்தபோது பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். தனியே இருக்கும்போது நண்பராயும், தம் இனத்தார் பார்க்கும்போது அந்நியராயும் நடப்பது பழைய பலவீனமே.

முடிவாக, நம் ஊர்க் கழுதையைப் பற்றி ஒரு சொல். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் வீதியில் திரியும் இந்தக் கழுதை, லேவியரின்படி தீட்டான விலங்கு. குளம்பு பிளக்கவில்லை, அசைபோடுவதுமில்லை. ஆயினும் நோவாவின் பேழையில் தீட்டான விலங்குகளுக்கும் இடம் இருந்தது. கழுதையின் தலையீற்றை ஆட்டுக்குட்டி கொடுத்து மீட்கலாம் என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. இயேசு எருசலேமுக்குள் கழுதைமேல் ஏறி வந்தார். அதே விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளை உண்டு. உன்னைப் பகைப்பவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் பார்த்துக்கொண்டு போகாதே; அவனோடு சேர்ந்து அதைத் தூக்கி விடு.

விலங்கு உண்ணத் தகாதது. அதன் உரிமையாளன் பகைவன். ஆனாலும் அந்தச் சுமைக்கு இரண்டு பேரின் கை வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் ஊரில் உணவு வேறுபாட்டால் ஒருவர் ஒதுக்கப்பட்டது உண்டா? உணவு வேறுபாட்டை மதித்து நடந்தது உண்டா? இரண்டையும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

2. நீங்கள் பெற்ற நிவாரணத்தில் உங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது இருந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?

3. உங்கள் சங்கத்துக்குப் பொதுப் பாத்திரத் தொகுதி ஒன்று வாங்க என்ன செலவாகும்? யார் பொறுப்பெடுப்பது?

4. சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், அங்கே உள்ள பழைய அயலவரோடு மீண்டும் ஒரு பந்தியில் உட்காரத் தடையாக இருப்பது எது?